நீண்டுக்கிட்டே போன நடுவாந்தரம்

ரெண்டு நாட்டு மந்திரிங்களும் டிவியில கட்டிப்புடிச்சு, மூக்கோட மூக்கு ஒரசி, இனிமே நமக்கு நடுவுல தூரம்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு கையெழுத்துப் போட்டாங்க பாருங்க, அன்னைக்குத்தான் நடுவாந்தரம் நீள ஆரம்பிச்சுச்சு.

நடுவாந்தரம்ங்கிறது நாங்க ட்ரெய்லர் ஓட்டுறவங்க வச்ச பேரு. மேக்கத்தி நாட்டு கேட்டுல பாஸ்போர்ட்ல வெளிய போற முத்திரை குத்திட்டு, கெழக்கத்தி நாட்டு கேட்டுல உள்ள வர்ற முத்திரை குத்துற வரைக்கும் நடுவுல ஒரு தார் ரோடு கெடக்கும், ரெண்டு பக்கமும் மணலு, ரெண்டு நாட்டு கொடியும் கண்ணுக்குத் தெரியும், ஆனா ரெண்டு நாட்டுக்கும் சொந்தமில்ல, கேட்டுல ஒரு பீடி பத்தவச்சா கடைசி இழுப்புக்கு அந்தப் பக்கம் போயிடலாம், அவ்வளவுதான். அந்த ரெண்டு அரபு நாட்டுக்கும் நெசப் பேரு இருக்கு, ஆனா ரோட்டுல எங்களுக்கு மேக்கத்தி, கெழக்கத்திதான். மேக்க கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணை இருக்கு, தீவனம் கெடையாது. கெழக்க துறைமுகம் இருக்கு, மக்காச்சோளம் கப்பல் கப்பலா எறங்குது, குஞ்சு கெடையாது. அடுப்பு ஒரு வீட்டுலயும் சட்டி இன்னொரு வீட்டுலயும் இருந்து, நடுவுல நாங்க ஓடி ஓடி சோறாக்குன மாதிரி ஒரு பொழப்பு.

ஒரே சந்தை, ஒரே வரி, ஒரே ரோடுன்னு மந்திரிங்க சொன்னதும் நாங்களும் சந்தோஷமாத்தான் இருந்தோம், டீக்கடையில கைகூட தட்டுனோம், ஆனா அதுல எங்க கைக்கு வந்து சேந்தது என்னன்னா இன்னொரு சீலு. சீலுன்னா பேப்பர்ல குத்துறது இல்ல, கன்டெய்னர் கதவுத் தாப்பாள்ல மாட்டி அமுக்குற இரும்பு போல்ட்டு, அதுக்குச் சாவி கெடையாது, வெட்டித்தான் எடுக்கணும், வெட்டுறது போய்ச் சேர்ற நாட்டு கஸ்டம்ஸ்காரன் மட்டும்தான். டிரைவர் கை பட்டு அது உடைஞ்சா ஜெயிலு, அப்புறம் கைரேகை எடுத்து ஊருக்கு ஏத்திவிட்டா, திரும்பி எந்த அரபு நாட்டுலயும் கால் வைக்க முடியாது. முன்னாடி ரெண்டு சீலு இருந்துச்சு, ரெண்டு நாட்டுக்கு ஒண்ணு ஒண்ணா. இப்ப ரெண்டு நாடும் ஒண்ணாயிடுச்சுங்கிறதுக்காக மூணாவதா பச்சைக் கலர்ல ஒத்துமை சீலுன்னு ஒண்ணு.

அதனால எங்களுக்குள்ள ஒரு பழக்கம். வண்டிய எங்க நிப்பாட்டினாலும், மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி, ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி, பின்னால போய் கட்டைவிரலால சீலைத் தடவிப் பாக்கணும். ஒருத்தரை ஒருத்தர் பாத்தா நல்லாருக்கியான்னு கேக்க மாட்டோம், சீல் சுகமான்னுதான் கேப்போம், சுகம்னு பதில் வந்தாத்தான் கை குடுப்போம்.

அந்தப் பழக்கத்துல எங்க எல்லாருக்கும் குரு மாதிரி பிச்சை மீரான் காக்கா. காயல்பட்டணத்துக்காரரு, அங்க அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க, பாதி ஆயுசு இந்த ரோட்டுலயே போயிருச்சு, அவரு வண்டியில ஒரு சீல்ல ஒரு கீறல் விழுந்ததில்ல. வெயில்ல நம்பர் வெளுத்துடும்னு சீலுக்குத் துணி கட்டுவாரு, கொழந்தைக்குக் கட்டுற மாதிரி. அன்னைக்கு அவரு ஏத்திட்டு வந்தது ஒரு நாள் குஞ்சு, வண்டி நெறைய, உள்ள ஏசி, காத்தாடி, அதுக்குத் தனி டீசல் டேங்கு. முட்டையை விட்டு வர்றப்போ குஞ்சு கொஞ்சம் மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் வெளிய வரும், அந்தக் கட்டுச்சோறு மூணு நாள் தாங்கும், அதுக்குள்ள தண்ணியும் தீவனமும் கண்ணால பாத்துடணும். இந்த லோடு எப்பவும் அரை நாள்ல போய்ச் சேந்துடும், யாரும் யோசிச்சதே இல்ல.

மேக்கத்தி கேட்டுல முத்திரை குத்தி நடுவாந்தரத்துல எறங்குனோம். முன்னால காக்கா, பின்னால தண்ணி பாட்டில் லோடோட தூத்துக்குடி தேவசகாயம், அதுக்குப் பின்னால ஸ்கூல் பேக் லோடோட நான், எனக்குப் பின்னால சீலிங் ஃபேன் லோடோட பட்டாணியரு குல் ஜமான், இன்னும் ஒரு வால் மாதிரி வண்டிங்க. எதுக்க கெழக்கத்தி கேட்டு தெரிஞ்சுச்சு. ஓட்டுனோம். தெரிஞ்சுச்சு. ஓட்டுனோம், ஓட்டுனோம், கேட்டு கிட்ட வரவும் இல்ல, எட்டப் போகவும் இல்ல, அப்புறம் மெதுவா எட்டப் போச்சு, கொடி ஒரு கைக்குட்டை ஆச்சு, கைக்குட்டை ஒரு பொட்டு ஆச்சு, பொட்டு இல்லாம ஆச்சு, திரும்பிப் பாத்தா பின்னால மேக்கத்தி கேட்டும் இல்ல, மத்தியானம் எறங்குனவங்க பொழுது சாயிற வரைக்கும் ஓட்டியும் இன்னும் பீடி முடியாத தூரத்துக்குள்ளதான் இருந்தோம்.

யாரும் பெருசா ஆச்சரியப்படல. கஸ்டம்ஸ்ல எதுவும் நடக்கும்னு எங்களுக்குப் பழகிப்போச்சு. ஆபீசுக்குப் போன் போட்டா, ஜிபிஎஸ்ல நீ கேட்டுலதான்யா நிக்கிற, தூங்கிட்டு கதை விடாதன்னு திட்டு. அதுக்கப்புறம் கால் போகல, மெசேஜ் மட்டும் வந்துச்சு, மேக்கத்தி நாடு உங்களை அன்போடு வரவேற்கிறது, கெழக்கத்தி நாடு உங்களை அன்போடு வரவேற்கிறதுன்னு மாத்தி மாத்தி, பேட்டரி தீர்ற வரைக்கும்.

சாயங்காலம் எதுக்கால ஒரு வண்டி வந்துச்சு. சிரியாக்காரரு அபு நிசார், கெழக்க இருந்து மேக்க போறவரு, உடைச்ச மக்காச்சோளம் லோடு. அவரும் காலையில இருந்து ஓட்டிட்டுத்தான் இருக்காராம். காக்கா எறங்கிப் போய், சீல் சுகமான்னு கேட்டாரு. அபு நிசார் ஒரு நிமிஷம் தரையைப் பாத்துட்டு சுகம்னாரு. அப்பதான் காக்கா எல்லாரையும் எஞ்சினை அணைக்கச் சொன்னாரு, ஓட ஓட டீசல்தான் போகுது, டீசல் தீந்தா குஞ்சுக்குக் காத்து நின்னுடும்னு.

அப்படித்தான் நடுவாந்தரத்துல ஒரு ஊரு உருவாச்சு. ட்ரெய்லருக்கு அடியில எல்லாருக்கும் சமையல் பெட்டி இருக்கும், அதைத் தெறந்து அரிசி ஒருத்தர், வெங்காயம் ஒருத்தர், கருவாடு தேவசகாயம்னு போட்டு ஒரே சட்டியில ஆக்குனோம். டீசலை டியூப் போட்டு உறிஞ்சி எல்லாரும் காக்காவோட ஏசி டேங்குல ஊத்துனோம். குல் ஜமான் கத்திரி எடுத்து முடிவெட்ட ஆரம்பிச்சாரு. ரெண்டு நாட்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், அதனால மத்தியானம் ரெண்டு தடவை வந்துச்சு, எந்த மத்தியானத்துல தொழுவுறதுன்னு ஒரு சண்டை, ரெண்டுலயும் தொழுதுடலாம்னு ஒரு சமாதானம். மேக்கத்தி கேட்டுல இருந்து மிஷ்அல்னு ஒரு எளவயசு ஆபீசரு, ஏன்டா லைன் நகரலன்னு கத்துறதுக்கு ஜீப்புல வந்தவரு, பெட்ரோல் தீந்து அவரும் எங்ககூட ஒக்காந்துட்டாரு, மொத நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு, ரெண்டாம் நாள் கருவாட்டுக் கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு.

எல்லாத்தையும் பங்கு போட்டோம். சீலுக்கு உள்ள இருக்குறதை மட்டும் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கல. தேவசகாயம் வண்டி நெறைய தண்ணிய வச்சுக்கிட்டு நாக்கு வறண்டு ஒக்காந்திருந்தான், ஃபேன் லோடு நெழல்ல நாங்க துண்டால விசிறிக்கிட்டு இருந்தோம், மக்காச்சோள வண்டியும் குஞ்சு வண்டியும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுச்சு, இதுக்கு நடுவுல ரோடு மட்டும் நீண்டுக்கிட்டே இருந்துச்சு, காது வச்சுக் கேட்டா தார் இழுபடுற சத்தம், மாவு பெசையிற மாதிரி.

குஞ்சுச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம். மொத நாள் வண்டிக்குள்ள சந்தை மாதிரி கத்துச்சு. ரெண்டாம் நாள் கோவமா கத்துச்சு. மூணாம் நாள் காலையில எந்திரிச்சு எல்லாரும் ஒரே நேரத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம், ஏன்னா சத்தம் கொறைஞ்சிருந்துச்சு.

காக்கா கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னாரு. துணி சுத்தின அந்த மூணு சீலும் அவரு மூக்குக்கு நேரா. தேவசகாயம் மெதுவா, காக்கா, சீலுக்கு நெழல் குடுத்தீரே, குஞ்சுக்கு என்ன குடுத்தீருன்னு கேட்டான், கேலியாத்தான் ஆரம்பிச்சான், முடிக்கிறப்போ அதுல கேலி இல்ல. காக்கா டூல் பாக்ஸ்ல இருந்து பெரிய கட்டரை எடுத்தாரு.

மிஷ்அல் எந்திரிச்சு வந்துட்டாரு, தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டாரு.

"சதீக், கூட்டாளி, அதைத் தொட்டா நான் எழுதியாகணும்."

"எழுதுங்க தம்பி. எந்த நாட்டுல நடந்துச்சுன்னு எழுதுவீங்க?"

மிஷ்அல் மேக்க பாத்தாரு, கெழக்க பாத்தாரு, தொப்பிய கழட்டிட்டாரு.

காக்கா துணிய அவுத்தாரு, மடிச்சுப் பாக்கெட்டுல வச்சாரு, மேக்கத்தி சீலு டக், கெழக்கத்தி சீலு டக், ஒத்துமை சீலு மட்டும் கொஞ்சம் மொரண்டு புடிச்சு அப்புறம் டக். கதவு தெறந்ததும் மஞ்சளா ஒரு சூடு மூஞ்சியில அடிச்சுச்சு. அதே நேரத்துல குல் ஜமான் கையை நீட்டுனாரு, கெழக்க வானத்தோட ஓரத்துல ஒரு பொட்டு, கொடியோட பொட்டு.

தேவசகாயம் அதுக்கப்புறம் யோசிக்கல, ஓடிப்போய் அவன் சீல்களை வெட்டுனான், வெட்டிட்டு, போச்சு, எங்க அப்பன் சொத்து போச்சுன்னு சிரிச்சான், பாட்டில் பாட்டிலா தண்ணி எறக்குனான், பொட்டு கைக்குட்டை ஆச்சு. ஃபேன் வண்டி தெறந்துச்சு, என் வண்டியும் தெறந்துச்சு, வால்ல நின்ன வண்டிங்களும் ஒண்ணு ஒண்ணா தெறந்துச்சு, ஒவ்வொரு டக்குக்கும் ரோடு ஒரு இழுப்பு சுருங்குச்சு, மேக்க ஒரு தகரக் கூரை, கெழக்க ஒரு தகரக் கூரை, கூரைக்கு அடியில ஆளுங்க. ஸ்கூல் பேக்குல குஞ்சுகளை அள்ளி நெழலுக்கு மாத்துனோம், ஃபேன் அட்டைப்பெட்டி மூடியில தண்ணி ஊத்தி ஒவ்வொண்ணா மூக்கை அதுல தொட வச்சோம், குடிச்சிட்டு தலையைத் தூக்கி வானத்தைப் பாத்துச்சுங்க. அப்புறம் கத்த ஆரம்பிச்சுச்சுங்க, தண்ணி குடிச்ச தெம்புல, பசியில.

ரோடு அங்கயே நின்னுபோச்சு. ரெண்டு கேட்டும் கண்ணுக்குத் தெரியுது, நடந்தா எட்டிப்போகுது. எல்லா வண்டியும் தெறந்து கெடக்க, ஒரு வண்டி மட்டும் மூணு சீலோட நின்னுச்சு. தீவன வண்டி.

அபு நிசார் கதவுக்கு முதுகைக் குடுத்துக்கிட்டு நின்னாரு. நாங்க கேட்டோம், கெஞ்சுனோம், அரபியும் இந்தியும் கலந்த அந்த டிரைவர் பாஷையில எங்களுக்குத் தெரிஞ்ச எல்லா நல்ல வார்த்தையும் சொன்னோம். அவரு காக்காவை மட்டும் பாத்துப் பேசுனாரு.

"ஏத்திவிட்டா உனக்குப் போறதுக்கு ஊரு இருக்கு. என் பொண்டாட்டி புள்ளைங்க கூடாரத்துல இருக்காங்க, எங்க ஊரு இருந்த எடத்துல ஊரே இல்ல. என்னை எங்க ஏத்திவிடுவாங்க, சொல்லு."

குஞ்சு கத்துச்சு. குல் ஜமான் போய் வீல் ஸ்பேனரை எடுத்துட்டு வந்தாரு, அவரு கெட்டவரு இல்ல, மூணு நாள் முடிவெட்டி விட்ட கைதான் அது, ஆனா எல்லாருக்கும் கண்ணு செவந்துபோயிருந்துச்சு, வால்ல இருந்தவங்களும் ஒரு அடி ஒரு அடியா முன்னால வந்தாங்க, வட்டம் சுருங்குச்சு. அபு நிசார் கண்ணை மூடிக்கிட்டாரு, கதவை விடல.

காக்கா நடுவுல வந்து நின்னாரு. குல் ஜமானுக்கு முன்னால, நெஞ்சு அந்த ஸ்பேனர்ல படுற மாதிரி.

"அவன் சீலு. அவன் கைதான் படணும்."

அப்போ குஞ்சு எல்லாம் செத்துடும் காக்கான்னு நான் சொன்னேன். தெரியும்லேன்னாரு, நகரல. வெயில் ஏறுச்சு. ஸ்பேனர் எறங்கல. நெசமாவே ஒரு கொலை விழுந்திருக்கும், சொல்றேன், அப்பதான் ஒரே ஒரு குஞ்சு, ஸ்கூல் பேக்குல இருந்து எப்படியோ தவறி வந்த ஒண்ணு, எங்க காலுக்கு நடுவுல தள்ளாடித் தள்ளாடி நடந்து, காக்கா செருப்பைத் தாண்டி, அபு நிசார் வண்டிக்கு அடியில போச்சு.

போய் தரையைக் கொத்துச்சு. டொக், டொக், டொக்.

குனிஞ்சு பாத்தோம். வண்டித் தளத்துல, பின் மூலையில ஒரு ஓட்டை, வெரல் நொழையிற அளவு, அதுல ஒரு பழைய துணி திணிச்சிருந்துச்சு, துணி நழுவி, மக்காச்சோளம் ஒரு நூல் மாதிரி ஒழுகி, கீழ ஒரு சின்னக் கூம்பு. மூணு சீலும் பளபளன்னு அப்படியே இருக்கு, சரக்கு துறைமுகத்துல இருந்து வழியெல்லாம் ஒழுகிக்கிட்டே வந்திருக்கு. மொத நாள் சீல் சுகமான்னு கேட்டப்போ அவரு ஏன் தரையைப் பாத்தாருன்னு அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுச்சு.

அபு நிசார் குனிஞ்சாரு. குஞ்சு கொத்துறதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. தோளு குலுங்குச்சு, அழுவுறாருன்னு நெனச்சோம், நிமிந்தப்போ சிரிச்சுக்கிட்டு இருந்தாரு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. காக்காகிட்ட கையை நீட்டுனாரு. காக்கா கட்டரைக் குடுத்தாரு. டக். டக். டக்.

அன்னைக்கு ரோடு சுருங்குன சுருக்கத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, இழுத்த ரப்பரை விட்ட மாதிரி, மேக்கத்தி கேட்டு மணலைக் கெளப்பிக்கிட்டு வந்துச்சு, கெழக்கத்தி கேட்டு மணலைக் கெளப்பிக்கிட்டு வந்துச்சு, எங்களை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு, ரெண்டு தடுப்புக் கம்பும் டங்குன்னு மோதி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நின்னுச்சு. உள்ள வேலை பாத்துக்கிட்டு இருந்த ஆபீசருங்க மேசையோட வந்து மூஞ்சிக்கு மூஞ்சி ஒக்காந்திருந்தாங்க. ஒருத்தர் குடிச்சிட்டிருந்த காவா காப்பி இன்னொருத்தர் பேப்பர்ல சிந்திருச்சு. மக்காச்சோளம் ரோடு பூரா கொட்டிக் கெடக்க, அது மேல மஞ்சளா குஞ்சுங்க, எது எந்த நாட்டுல நின்னு திங்குதுன்னு அந்த அல்லாவுக்குத்தான் தெரியும்.

கெழக்கத்திப் பெரிய ஆபீசருதான் மொதல்ல சுதாரிச்சாரு. தெறந்த கதவுங்களைப் பாத்தாரு, தரையில கெடந்த சீல்களைப் பாத்தாரு, யாரு உடைச்சதுன்னு கேட்டாரு. காக்கா முன்னால போனாரு. நான்னாரு. அபு நிசார் பக்கத்துல போய் நின்னாரு. தேவசகாயம், குல் ஜமான், நானு, எல்லாரும் நின்னோம். ஆபீசரு பேனாவை எடுத்தாரு.

பேனா பேப்பரைத் தொட்டதும் அவரு நாற்காலி ஒரு சாண் பின்னால போச்சு.

அவரு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு திரும்ப பேனாவை வச்சாரு. இந்தத் தடவை மேசையும் சேந்து ஒரு முழம் போச்சு, தரையில மாவு பெசையிற சத்தம். தடுப்புக் கம்பு ரெண்டும் கழண்டு தனித்தனியா ஆச்சு. மிஷ்அல் ஓடிப்போய், நடுவாந்தரத்துல மூணு நாள் கருவாடு தின்ன உரிமையில, பெரிய ஆபீசரு கையையே புடிச்சுட்டாரு. ஐயா, வேணாம், உள்ள போனா வெளிய வர முடியாதுன்னாரு. பெரியவரு பேனாவைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு, தூரத்துல போகத் தயாரா இருந்த சொந்த நாட்டைப் பாத்தாரு. அப்புறம் பேனாவுக்கு மூடியைப் போட்டு, சட்டைப் பையில குத்திக்கிட்டு, குஞ்சு செத்துருக்கான்னு கேட்டாரு.

கொஞ்சம் செத்துருந்துச்சு. காக்கா அதுங்களை சீலுக்குக் கட்டுற அந்தத் துணியில முடிஞ்சு ரோட்டோரம் பொதைச்சாரு.

அதுக்கப்புறம் அந்த கேட்டுல யாரும் சீல் போடுறதில்ல, போடக்கூடாதுன்னு சட்டமும் இல்ல, போடுறதுக்குக் கை வர்றதில்ல. அபு நிசார் எறக்குன சோளத்தை மேக்கத்திப் பண்ணை நேரா வந்து அள்ளுது, குஞ்சை கெழக்கத்திக்காரங்க அங்கயே வந்து எண்ணாம வாங்கிட்டுப் போறாங்க, குல் ஜமான் ரெண்டு நாட்டு ஆபீசருக்கும் முடிவெட்டுறாரு. ஒழுங்காத்தான் ஓடுது.

ஆனா போன மாசம் சேதி வந்துச்சு. ரெண்டு நாட்டு மந்திரிங்களும் கேட்டுக்கே நேர்ல வர்றாங்களாம், இன்னும் பெரிய ஒப்பந்தமாம், கேமரா, கம்பளம், பந்தல் எல்லாம் உண்டாம். வந்தாங்க. வண்டியெல்லாம் ஓரங்கட்டச் சொன்னாங்க. கட்டிப்புடிச்சாங்க, மூக்கோட மூக்கு ஒரசுனாங்க, எல்லாரும் கை தட்டுனாங்க, நாங்க மட்டும் தட்டல, நாங்க தரையைப் பாத்துக்கிட்டு இருந்தோம், பெரிய ஆபீசரும் மிஷ்அலும் தரையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கம்பளம் நடுவுல லேசா ஒரு நூல் பிரிஞ்சுச்சு.

காக்கா கேமராவுக்குப் பின்னால சத்தமில்லாம நடந்துபோய், தட்டுல ஒத்துமை சீலு வச்சிருந்தாங்க பாருங்க, புதுசு, இந்தத் தடவை தங்கக் கலரு, அதுக்குப் பக்கத்துல போய் நின்னாரு. கட்டரை லுங்கிக்குள்ள சொருகியிருந்தாரு.